யூதேயா வீழ்ந்தமைக்குக் காரணம் யாது?

சரித்திரத்திற் சில வினாக்கள் விடையோடு சேர்ந்தே நம் கைக்கு வருகின்றன. விடை முன்னரே சொல்லப்பட்டுவிடுவதால், வினவுதல் வேண்டும் என்னும் எண்ணமே நமக்கு எழுவதில்லை. யூதேயா நாட்டின் வீழ்ச்சி அத்தகைய வினாக்களுள் ஒன்று. கி.பி. 70-ஆம் ஆண்டில் உரோமச் சேனை எருசலேம் நகரத்தை இடித்து, அதன் ஆலயத்தைத் தீக்கிரையாக்கிற்று. இஃது ஏன் நிகழ்ந்தது? வேதபாட வகுப்பிற் பயின்றோர், அம்மக்கள் செய்த பாவத்திற்குக் கிடைத்த தண்டனை என உடனே விடை பகர்வர். உரோம சரித்திரம் பயின்றோர், மதவெறி கொண்ட ஒரு சிறு கூட்டத்தார் உலகாண்ட பேரரசை எதிர்த்து மாய்ந்தனர் என்பர். இவ்விரு விடைகளும் வெவ்வேறாகத் தோன்றினும் ஒன்றில் ஒத்திருக்கின்றன. பிழை முழுதும் ஆளப்பட்ட குடிகளுடையதே என்றும், ஆட்சி செய்த அதிகாரிகளிடத்து வினவத்தக்கது ஒன்றுமில்லை என்றும் இரண்டும் கூறுகின்றன.

இவ்விரண்டும் பொருந்தா என்பது நம் கருத்து. யூதேயாவைத் திருமறைக் கதைகளின் பின்னணியாக மட்டும் நோக்காது, வரி செலுத்தியும், அதிகாரிகளுக்கு அஞ்சியும், நியாயாசனத்தின் முன் காத்து நின்றும் வாழ்ந்த குடிமக்களின் நாடாக ஒருமுறை நோக்குவோமாயின் உண்மை விளங்கும்.

உரோமர் புகுந்த வழி

உரோமர் முதன்முதல் யூதேயாவினுள் வாயிலை உடைத்துக்கொண்டு வந்தவரல்லர், அழைக்கப்பட்டு வந்தவரே. மக்கபேயர் வழிவந்த அரசகுலத்தில் இர்கானு, அரிஸ்தொபூலு என்னும் சகோதரர் இருவர் அரசுரிமைக்காகப் பூசலிட்டனர். அப்பொழுது சீரியாவில் இருந்த உரோமத் தளபதி பொம்பேயிடம் இருவரும் நடுத்தீர்ப்பு வேண்டிச் சென்றனர். அப்பத்தைப் பங்கிட்டுத் தரும்படி குரங்கினிடஞ் சென்ற இரண்டு பூனைகளின் கதையை நாம் சிறு பிராயத்திற் கேட்டிருக்கிறோம். கி.மு. 63-இல் பொம்பே எருசலேமை முற்றுகையிட்டுப் பிடித்தான். பிரதான ஆசாரியன் ஒருவன் மட்டும், அதுவும் ஆண்டிற்கு ஒரே நாளிற் புகத்தக்க மகா பரிசுத்த ஸ்தலத்தினுள்ளே அவன் புகுந்து பார்த்தான். ஆயினும் ஆலயப் பொருளை அவன் கவரவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின், கி.மு. 54-இல், பார்த்தியர்மேற் போருக்கு ஆயத்தஞ்செய்த கிராசஸ் என்னும் உரோமன் ஆலயப் பொக்கிஷத்திலிருந்து 2,000 தாலந்து பணத்தை எடுத்துச் சென்றான். முதலில் வந்தவன் பார்த்துச் சென்றான். அடுத்து வந்தவன் எடுத்துச் சென்றான்.

பின்னர் உரோம மூதவை கி.மு. 40-இல் ஏரோதை யூதருக்கு அரசனாக நியமித்தது. கி.மு. 37 முதல் கி.மு. 4 வரை அவன் ஆண்டான். செசரியாத் துறைமுகத்தை அமைத்தவனும், எருசலேம் ஆலயத்தைப் பெரிதாகப் புதுக்கத் தொடங்கியவனும் அவனே. கட்டடங்களாற் புகழும் கொடுமையாற் பழியும் ஒருங்கே பெற்றான். அவன் மகன் அர்கெலாயுவின் ஆட்சி குடிகளாற் பொறுக்கப்படாததாயிற்று. ஒருவரோடொருவர் கலவாத யூதரும் சமாரியரும் கூட அவன்மேற் குற்றஞ் சாட்டுவதில் ஒன்றுபட்டனர். கி.பி. 6-இல் அகுஸ்துராயன் அவனை இக்காலத்துப் பிரான்சு நாட்டிலுள்ள வியன்னா என்னும் நகருக்கு நாடு கடத்தி, யூதேயாவை உரோம அதிகாரியின் நேராட்சிக்கு உட்படுத்தினான்.

மாகாண ஆட்சியின் அமைப்பு

புதிய ஆட்சியின் முதற் செயல் குடிமதிப்பு எழுதுதல். சீரியாவின் அதிபதியாகிய சிரேனியு அதனை நடத்தினான். குடிமதிப்பு என்பது தலைகளை எண்ணுதல் மாத்திரமன்று. எவனுக்கு எவ்வளவு நிலம், அவன் வீட்டில் எத்தனை பேர் எனக் கணக்கெழுதி, நிலவரியும் தலைவரியும் விதித்தற்கு அதுவே முதற்படி. தம் நிலம் இறைவன் தம் முன்னோர்க்கு அளித்தது என நம்பிய மக்களுக்கு, அதனை ஓர் அந்நிய அரசன் தன் ஏட்டிற் பதிவது பொறுத்தற்கரியதாயிற்று. கலிலேயனாகிய யூதா என்பவன் இது அடிமைத்தனமே எனப் போதித்துக் கலகம் விளைத்தான். கலகம் அடங்கிற்று, கருத்து அடங்கவில்லை. ஏறக்குறைய எழுபதாண்டுகளின் பின் மசாதாக் கோட்டையில் இறுதிவரை நின்ற கூட்டத்தின் தலைவன் இந்த யூதாவின் வழித்தோன்றலே.

இனி, ஆளவந்த அதிகாரி எத்தகையவன் என்பதைப் பார்ப்போம். சீரியா போன்ற பெரு மாகாணங்களுக்கு மூதவையில் இடம்பெற்ற உயர்குலத்தோர் அனுப்பப்பட்டனர். யூதேயா சிறிய நாடாதலின், அதற்குக் குதிரைவீரர் வகுப்பு எனப்படும் இரண்டாந்தரப் பிரபுக்களே பெரும்பாலும் வந்தனர். 1961-ஆம் ஆண்டில் செசரியாவின் பழைய நாடகசாலையை அகழ்ந்தவர்கள் பொந்தியு பிலாத்துவின் பெயர் பொறித்த ஒரு கல்லைக் கண்டெடுத்தனர். அதில் அவன் பதவி 'பிரீபெக்டு' என்று காணப்படுகிறது. அது படைத்தலைமையைக் குறிக்கும் சொல். கி.பி. 44-க்குப் பின் வந்தோர் 'புரோகுரேட்டர்' எனப்பட்டனர். அது அரசனின் வரவு செலவைக் கவனிக்கும் காரியஸ்தனைக் குறிக்கும் சொல். முன்னது வாளையும் பின்னது பணப்பையையும் நினைவூட்டுகின்றன. நீதியையேனும் காவலையேனும் நினைவூட்டும் பெயர் இரண்டனுள் ஒன்றுமில்லை.

அவன் கீழ் இருந்த படை ஏறக்குறைய 3,000 பேர். அவர்கள் இத்தாலியிலிருந்து வந்த உரோமரல்லர். பெரும்பாலும் செசரியாவிலும் செபஸ்தேயிலும் சேர்க்கப்பட்ட யூதரல்லாதார். யூதரோடு பழம்பகை உடையவர். ஒரு நாட்டின் அமைதியைக் காக்கும் பொறுப்பை அந்நாட்டாரைப் பகைக்கும் அயலார் கையில் ஒப்புவித்தனர். வேலியே பயிரை மேயும்படி விட்டது போலாயிற்று இது.

இன்னுமொன்று. பிரதான ஆசாரியனை நியமிப்பதும் நீக்குவதும் உரோம அதிகாரியின் கையில் இருந்தன. வலேரியு கிராத்து என்னும் தேசாதிபதி சில ஆண்டுகளுக்குள் நால்வரை அடுத்தடுத்து நியமித்தான்; அவருள் இறுதியானவனே காய்பா. பிரதான ஆசாரியன் பண்டிகைகளில் அணியும் திருவுடை கூட நெடுங்காலம் உரோமர் காவலில் அந்தோனியாக் கோட்டையினுள்ளே பூட்டி வைக்கப்பட்டிருந்தது. தன் உடையையே படைத்தலைவனிடம் இரந்து பெற வேண்டியவனுடைய சொல்லுக்கு மக்களிடத்து என்ன மதிப்பிருக்கும்?

நடுநிலை தவறாது ஒன்று கூறுதல் வேண்டும். உரோமரின் விதிகள் யாவும் கொடியனவல்ல. சக்கரவர்த்தியைத் தேவனாக வழிபடும் கடமையினின்று யூதர் விலக்கப்பட்டனர். அவனுக்காக எருசலேம் ஆலயத்தில் நாடோறும் பலியிடுதலே போதும் என்று விடப்பட்டது. ஆலயத்தின் உட்பிராகாரத்துட் புகும் அந்நியனுக்கு மரணம் என எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டுக்கள் அங்கே நின்றன; அவற்றுள் ஒன்று 1871-இற் கண்டெடுக்கப்பட்டது. அவ்விதியை உரோமரும் ஏற்றிருந்தனர். உரோமாபுரியில் எழுதப்பட்ட விதி நல்லதாயிருந்தும், செசரியாவில் அமர்ந்தவன் அதனைப் பொருட்படுத்தாதபோது அவனைத் தட்டிக் கேட்பார் அண்மையில் இல்லை.

ஈக்களின் கதை

திபேரியு இராயன் தன் தேசாதிபதிகளை நெடுங்காலம் மாற்றாது வைத்திருந்தான். அவனது 23 ஆண்டு ஆட்சிக்காலத்தில் யூதேயாவுக்கு அவன் அனுப்பியவர் கிராத்து, பிலாத்து என்னும் இருவரே. காரணம் வினவியவர்களுக்கு அவன் ஒரு கதை கூறினானென யூத சரித்திராசிரியன் யோசேபஸ் எழுதுகிறான். புண்பட்டுக் கிடந்தான் ஒருவன். அவன் புண்ணில் மொய்த்த ஈக்களை வழிப்போக்கன் ஒருவன் இரங்கி ஓட்ட முயன்றான். புண்பட்டவனோ அவனைத் தடுத்து, இவை இரத்தங் குடித்து வயிறு நிறைந்தவை, இவற்றை ஓட்டினாற் பசியோடு புதியவை வரும் என்றானாம். அதிகாரிகள் கொள்ளையிடுவர் என்பது பேரரசனுக்கே தெரிந்திருந்தது. அவன் நாடியது கொள்ளையை நிறுத்தும் வழியன்று, குறைக்கும் வழியே.

பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை ஆண்டான். வந்த புதிதில், சக்கரவர்த்தியின் உருவந் தாங்கிய கொடிகளை இரவோடிரவாக எருசலேமுட் புகுத்தினான். மக்கள் செசரியாவுக்குத் திரண்டு சென்று பல நாள் மன்றாடினர். வீரர் வாளுருவிச் சூழ்ந்தபோது அவர்கள் தரையில் வீழ்ந்து கழுத்தை நீட்டினர். பிலாத்து திகைத்துக் கொடிகளை மீட்டுக்கொண்டான். மற்றொருமுறை, ஆலயக் காணிக்கைப் பொருளைக் கொண்டு எருசலேமுக்கு நீர்க்கால் அமைத்தான். நகருக்கு நீர் வேண்டப்பட்டதே. ஆயினும் தம்மைக் கேளாது தம் காணிக்கையை எடுத்ததற்கு மக்கள் கூச்சலிட்டனர். குடிகளின் உடையிற் கலந்து நின்ற வீரர், மறைத்து வைத்திருந்த தடிகளால் அவர்களை அடித்தனர், பலர் மாண்டனர். இறுதியிற் சமாரியர் கூட்டம் ஒன்றைக் கொன்றமைக்காகச் சீரியாவின் அதிபதி வித்தேலியு அவனை உரோமாபுரிக்கு அனுப்பினான். இவற்றை நோக்கும்பொழுது, திருமறையில் நாம் காணும் அந்த ஒரு நாளைய தீர்ப்பு, பத்தாண்டு வழக்கத்தின் ஒரு பகுதியே என்பது விளங்கும்.

பெத்ரோனியு காட்டிய வழி

யூதர் எவ்வாட்சிக்கும் அடங்காப் பிடிவாதிகள், போர் தவிர்க்க முடியாதது என்பாருக்கு நாம் காட்டும் மறுப்பு பெத்ரோனியுவின் வரலாறு. கி.பி. 39-க்கும் 41-க்கும் இடையில், காயு இராயன், தன் சிலையை எருசலேம் ஆலயத்தினுள் நிறுத்தும்படி சீரியாவின் அதிபதி பெத்ரோனியுவுக்குக் கட்டளையிட்டான். அவன் பெருஞ்சேனையோடு வந்தான். ஆண், பெண், குழந்தை என்னும் வேறுபாடின்றி மக்கள் அவன்முன் திரண்டனர். போர் செய்யோம், ஆயினும் சிலை நிற்குமுன் எங்களைக் கொல்லுக எனக் கூறி வணங்கி நின்றனர். விதைப்புக் காலம் வந்தும் வயலுக்குச் செல்லாது நிலத்தைத் தரிசாக விட்டனர்.

பெத்ரோனியு அவர்கள் கூறியதைச் செவிமடுத்தான். விதையா நிலம் விளையாது, விளையா நிலத்தில் வரியும் கிடையாது, பசித்தவர் கொள்ளையராவர் என்னும் உண்மைகளையும் எண்ணினான். தன் உயிருக்குக் கேடு வரும் என அறிந்தும், காலந்தாழ்த்தி, கட்டளையை மாற்ற வேண்டும் எனச் சக்கரவர்த்திக்கு எழுதினான். காயு சினங்கொண்டு, தற்கொலை செய்துகொள்க என அவனுக்கு ஓலை போக்கினான். ஆனால் கி.பி. 41 ஜனவரியிற் காயு கொலையுண்டான்; அச்செய்தி ஓலைக்கு முன்னரே பெத்ரோனியுவை அடைந்ததென யோசேபஸ் கூறுகிறான்.

அதே மக்கள், அதே சமயம், அதே பிடிவாதம். ஆனால் எதிரே நியாயாசனத்தில் இருந்த மனிதன் வேறாயினமையின் விளைவும் வேறாயிற்று. இதனையடுத்து, 41 முதல் 44 வரை அகிரிப்பா யூதேயாவுக்கு அரசனாயிருந்த மூன்றாண்டுகளும் பெருங்கலகமின்றிக் கழிந்தன. ஆகவே அழிவு ஊழால் விதிக்கப்பட்டதன்று.

பசித்த ஈக்கள்

அகிரிப்பா இறந்தபின் நாடு மீண்டும் உரோம அதிகாரிகளின் கைக்கு வந்தது. 44 முதல் 66 வரையுள்ள 22 ஆண்டுகளில் எழுவர் வந்தனர். திபேரியு அஞ்சியபடியே ஆயிற்று. குமானு என்பவன் காலத்தில், பஸ்காப் பண்டிகையன்று ஆலய மண்டபத்தின்மேற் காவல் நின்ற வீரன் ஒருவன் மக்களை நோக்கி இழிசெய்கை காட்டினான். அதனால் எழுந்த கலவரத்தில் மக்கள் மிதியுண்டு ஆயிரக்கணக்கில் மாண்டனர் என்று சரித்திரம் கூறும். அடுத்து வந்த பேலிக்ஸ் என்பவன் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவன்; அரண்மனையிற் செல்வாக்குப் பெற்ற பல்லாஸ் என்பவனுக்குச் சகோதரன். தமையனுடைய தயவு இருக்கும்வரை தன்னை வினவுவாரில்லை என்னும் துணிவால் ஆண்டான். பவுலடிகளைச் சிறையில் வைத்துக்கொண்டு, பணங் கிடைக்கும் என்ற நசையால் அடிக்கடி அழைத்துப் பேசியவன் இவனே. இவன் காலத்திலேதான் ஆடையினுட் குறுங்கத்தி மறைத்துக் கூட்டத்திற் கலந்து கொலை செய்வோர் எருசலேமிற் பெருகினர். பெஸ்து கொஞ்சம் நேர்மையாளன். ஆனால் இரண்டாண்டு கழியுமுன் பதவியிலேயே இறந்தான். அல்பீனு, சிறைப்பட்டோரின் உறவினரிடம் பணம் பெற்று அவர்களை விடுவித்தான். கொடுக்கப் பொருளில்லாதவனே அவன் சிறையிற் குற்றவாளியாக எஞ்சினான்.

உள்நாட்டார் பிழையையும் நாம் மறைக்க விரும்பவில்லை. பிரதான ஆசாரியக் குடும்பங்கள் செல்வத்திற் கொழுத்தன. அவர்களுடைய ஏவலாளர் களத்துமேட்டிற்கே சென்று தசமபாகத் தானியத்தை வலிந்து கவர்ந்தமையால், எளிய ஆசாரியர் சிலர் பட்டினியால் மடிந்தனரென யோசேபஸ் எழுதுகிறான். ஏரோது தொடங்கிய ஆலயத் திருப்பணி இக்காலத்தில் முற்றுப்பெற்றதனால் 18,000-க்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தனர். அவர்கள் பசியாற்றுதற்காக நகரத்து வீதிகளில் வெண்கல் பாவும் வேலை கொடுக்கப்பட்டது. 66-இற் கலகம் தொடங்கியபோது கலகக்காரர் முதலிற் கொளுத்திய கட்டடங்களுள் ஒன்று கடன் பத்திரங்கள் வைக்கப்பட்டிருந்த ஆவணசாலை. இதனை மதவெறி என்று மட்டும் சொல்லி அமைதல் தகுமா? கடன்பட்ட ஏழைகளின் நெஞ்சக் கொதிப்பும் அத்தீயிற் சேர்ந்து எரிந்தது.

தீ மூண்ட விதம்

64-இல் வந்த கெசியு புளோரு, அல்பீனுவையே நல்லவன் என்று சொல்லும்படி செய்தான். 66-இற் செசரியாவில் ஜெப ஆலயத்தின் அருகே ஒருவன் கடைகள் கட்டி வழியை நெருக்கினான். அதனைத் தடுக்கும்படி யூதர் எட்டுத் தாலந்து கொடுத்தனர். புளோரு பணத்தைப் பெற்றுக்கொண்டு, ஒன்றும் செய்யாது செபஸ்தேக்குச் சென்றுவிட்டான். ஓய்வுநாளில் ஒருவன் ஜெப ஆலய வாயிலில் ஒரு பானையைக் கவிழ்த்து, அதன்மேற் பறவைகளைப் பலியிட்டு இகழ்ந்தான். முறையிடச் சென்ற யூதப் பெரியோரைப் புளோரு சிறையிலிட்டான். பின்னர் எருசலேம் ஆலயப் பொக்கிஷத்திலிருந்து 17 தாலந்தை எடுத்தான்.

எருசலேம் வாலிபர் சிலர் கூடையேந்தி, ஏழைப் புளோருவுக்குப் பிச்சை இடுங்கள் என வீதிதோறும் இரந்து நகைத்தனர். நகைப்புக்குப் புளோரு அளித்த விடை பயங்கரமானது. மேற்சந்தையைக் கொள்ளையிடும்படி வீரரை ஏவினான். அந்நாளில் மாண்டோர் 3,600 பேர் என்றும், அவருள் பெண்டிரும் குழந்தைகளும் இருந்தனர் என்றும், உரோமப் பிரபுப் பட்டம் பெற்ற யூதர் கூடச் சிலுவையில் அறையப்பட்டனர் என்றும் யோசேபஸ் கூறுகிறான். அரசகுலத்துப் பெர்னீக்கேயாள் வெறுங்காலோடு நியாயாசனத்தின் முன் நின்று மன்றாடியும் பயன்பட்டிலது.

அவ்வாண்டுக் கோடையில், ஆலயத்திற் சக்கரவர்த்திக்காக இடப்பட்டு வந்த பலி நிறுத்தப்பட்டது. அதுவே போர்ப் பிரகடனமாயிற்று. சீரியாவிலிருந்து வந்த செஸ்தியு காலு தோற்றோடினான். நீரோ இராயன் வெஸ்பாசியானை அனுப்பினான். 69-இல் வெஸ்பாசியான் பேரரசனாக, அவன் மகன் தீத்து 70-இல் எருசலேமை முற்றுகையிட்டான். நகரினுள் மூன்று கட்சியினர் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தனர். பல ஆண்டிற்குப் போதுமாயிருந்த தானியக் களஞ்சியங்களைத் தம்முட் பகையால் தாமே எரித்தனர். இது பெரும்பிழையே, இதனை எவரும் மறுக்கவியலாது. ஆனால் வீடு பற்றியெரியுங்கால் உள்ளிருப்போர் அறிவிழந்து செய்வன வேறு, வீட்டிற்குத் தீ வைத்தது வேறு. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஆலயம் எரிந்தது. செப்டம்பரில் நகர் முழுதும் வீழ்ந்தது.

சொன்னவன் யார்?

இவற்றுட் பெரும்பகுதியை நாம் யோசேபஸ் வாயிலாகவே அறிகிறோம். அவன் ஆசாரிய குலத்தவன். கலிலேயாவில் யூதப் படைக்குத் தலைவனாயிருந்து, 67-இல் யோத்தபாத்தாவில் உரோமரிடம் சரணடைந்தவன். பின்னர் உரோமக் குடியுரிமையும், உபகாரச் சம்பளமும், வெஸ்பாசியான் முன்பு குடியிருந்த மாளிகையில் இடமும் பெற்று நூல் எழுதினான். கடவுள் உரோமர் பக்கஞ் சேர்ந்துவிட்டார் என்றும், கலகத் தலைவரின் பாவமே நகரை அழித்தது என்றும் வற்புறுத்தினான். ஆலயத்தைக் காக்கவே தீத்து விரும்பினான் என்று அவன் எழுத, பிற்காலத்துச் சுல்பீசியு செவேரு என்னும் ஆசிரியன், அழிக்கவே தீத்து முடிவு செய்தான் என எழுதியிருக்கிறான். மாண்டோர் 11 லட்சம் என யோசேபஸ் தரும் தொகையையும் இக்கால ஆராய்ச்சியாளர் ஒப்புவதில்லை. ஆயினும் இத்தகைய ஆசிரியனே பிலாத்து முதற் புளோரு வரையுள்ளோரின் கொடுமைகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறான். தான் உண்ட சோற்றுக்கு உரியவனான உரோமனையும் காப்பாற்ற முடியாதபடி உண்மை அவ்வளவு வெளிப்படையாக இருந்தது போலும்.

யோசேபஸ் விதைத்த கருத்தைத் திருச்சபையின் எழுத்தாளர் வேறு வகையில் வளர்த்தனர். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த எயுசேபியு, யோசேபஸின் வரலாற்றையே சான்றாகக் கொண்டு, எருசலேமின் அழிவு கிறிஸ்துவைக் கொன்ற குற்றத்திற்கு வந்த தண்டனை என எழுதினார். அவருக்குப்பின் இதுவே வழிவழியாக வந்த விளக்கமாயிற்று. ஆனால் எண்ணிப் பார்ப்போம். பிலாத்துவின் தீர்ப்புக்கும் எருசலேமின் வீழ்ச்சிக்கும் இடையில் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உள்ளன. புளோருவின் வீரர் கொன்ற குழந்தைகள் பிலாத்துவின் காலத்திற் பிறந்திருக்கவேயில்லை. அவர்தம் பெற்றோரிற் பலரும் பிறந்திருக்கமாட்டார். சிலுவைத் தீர்ப்பை வழங்கிய ஆசனம் உரோமருடையது. ஆலயத்தை எரித்த சேனையும் உரோமருடையது. கொன்றவன் தண்டிக்கும் கருவியானான், கொலையுண்டவன் குற்றவாளியானான் என்றால், அது நீதியான வாதமாகுமா?

தண்டனை எனும் பேச்சின் விலை

இது புத்தகத்தோடு முடியும் வாதமாயின் நாம் இத்துணை வற்புறுத்தோம். உரோமர் அக்காலத்திலேயே ஒரு முழு இனத்தைத் தண்டித்தனர். ஆலயத்திற்கு யூத ஆண்மக்கள் ஆண்டுதோறும் செலுத்தி வந்த அரைச்சேக்கல் காணிக்கையை, உரோமாபுரியிலுள்ள யூப்பித்தர் கோயிலுக்குச் செலுத்தும் வரியாக மாற்றினர். அதனைப் பெண்டிர்க்கும் சிறுவர்க்கும், கலகத்திற் கலவாது தொலைநாடுகளில் வாழ்ந்த யூதர்க்கும் விதித்தனர். கி.பி. 132 முதல் 135 வரை பார் கொக்பா என்பவன் தலைமையில் மீண்டும் போர் மூண்டது. 580,000 பேர் போரில் மாண்டனர் என்றும், 985 ஊர்கள் அழிந்தன என்றும் தியோ காசியு என்னும் உரோம ஆசிரியன் கூறுகிறான். யூதேயா என்னும் பெயரையே அகற்றி, அம்மாகாணத்திற்குச் சீரியா பலஸ்தீனா எனப் பெயரிட்டனர். 1960-இற் சவக்கடலருகேயுள்ள ஒரு குகையில் அத்தலைவனுடைய கடிதங்கள் அகப்பட்டன. அவற்றுள் ஒன்று, பண்டிகைக்கு வேண்டிய பேரீச்ச ஓலைகளையும் நாரத்தை இனத்துக் கனிகளையும் அனுப்பச் சொல்லுகிறது. வாழ்வு நொறுங்கும் வேளையிலும் பண்டிகையை மறவாத அம்மக்களை நினைக்குங்கால் நெஞ்சம் இளகாதிருக்குமா?

பின்வந்த நூற்றாண்டுகளில், தண்டிக்கப்பட்ட இனம் என்னும் சொல்லே ஐரோப்பாவில் யூதரைத் துரத்துவதற்கும் கொள்ளையிடுவதற்கும் சாக்காயிற்று. இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நாஜி அரசு ஏறக்குறைய 60 லட்சம் யூதரைக் கொன்றது. அக்கொடுமைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நெடுங்காலப் பழிச்சொல் அதற்கு நிலத்தைப் பண்படுத்திற்று என்பதை மறுத்தல் அரிது. 1965-இற் கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கம், கிறிஸ்துவின் பாடுகளுக்காக யூத இனத்தார் அனைவர்மேலும் பழிசுமத்தலாகாது என அறிக்கையிட்டது. காலந்தாழ்ந்து வந்த சொல்லாயினும் அது நல்ல சொல்லே. நம் தென்னாட்டிலோ, கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர வேந்தன் பாஸ்கர இரவிவர்மன், யோசேப்பு இரப்பான் என்னும் யூதப் பெரியோனுக்குச் சிறப்புரிமைகள் வழங்கி, வட்டெழுத்திற் செப்பேடு பொறித்துக் கொடுத்தான். அவர்தம் முன்னோர் எருசலேம் வீழ்ந்தபின் வந்தனர் என்பது கொச்சி யூதரிடை வழங்கும் மரபு. வந்தவரிடம், நீங்கள் எப்பாவத்திற்குத் தண்டனை பெற்றீர்கள் என இந்நாடு வினவவில்லை.

முடிவுரை

ஆகவே, யூதேயா வீழ்ந்தமைக்குக் காரணம் யாது? சிறு நாடெனக் கருதிச் சிறு மனிதரை ஆள அனுப்பியமை. அவர்களை வினவுதற்கு எவருமில்லாமை. குடிகளைப் பகைத்தவர் கையில் வாளைக் கொடுத்தமை. குடிகளின் தலைவரை ஆட்சியாளரின் கைப்பாவை ஆக்கியமை. செல்வர் எளியோரைக் கைவிட்டமை. இவை யாவும் மனிதர் செய்தவை. ஒரு பெத்ரோனியு செவிசாய்த்தபோது தடுக்கப்பட்டவை.

சரித்திரம் பயிலும் நம் மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே. ஒரு நாடு அழிந்தது அதன் மக்கள் தீயராதலாலே என்று எவரேனும் எளிதில் முடிவு கூறின், அவ்வளவில் அமையாதீர்கள். அந்நாட்டில் வரி வாங்கியவன் யார், நியாயாசனத்தில் இருந்தவன் யார், வரலாற்றை எழுதியவனுக்குச் சம்பளமளித்தவன் யார் என வினவுங்கள். வருங்காலத்தில் உங்களுட் பலர் அதிகாரத்தில் அமர்வீர்கள். விதையாத வயலின் ஓரத்தில் நின்று மன்றாடும் மக்கள் உங்கள்முன்னும் வருவர். அப்பொழுது புளோருவின் வழியும் பெத்ரோனியுவின் வழியும் உங்கள் எதிரில் இருக்கும். பெத்ரோனியு தன் உயிரையும் பொருட்படுத்தாது எழுதிய அந்த ஓலையை அந்நேரம் நினைவு கூர்வீர்களாக.